படம் திறக்காவிட்டால்

ஜூலை 3

மேனேஜர் வந்துபோனார். மில் நிலம் கைமாறிவிட்டது. தீபாவளிக்குப் பிறகு இயந்திரங்கள் உள்ளே வருமாம். அதுவரை நீ தண்ணீர் விடலாம் என்றார்.

மூடிக்கிடக்கும் நூற்பாலைக்கு எதற்குத் தோட்டக்காரி என்று வேலைக்குச் சேர்ந்தபோது நான் கேட்கவில்லை. வாங்க வருகிறவர்களின் கண்ணுக்கு வளாகம் பச்சையாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நான் செய்தது தோட்டவேலை இல்லை. ஒப்பனை.

தத்துவத்தில் முதுகலை படித்தவளுக்கு இது முன்பே தெரிந்திருக்கலாம்.

செடிகளை என்ன செய்வது என்று வாட்ச்மேன் சென்னியப்பண்ணன் கேட்டார். தெரியாது என்றேன்.

"படிச்ச புள்ள, உனக்கே தெரியாதுன்னா நான் கேட்டைச் சாத்திட்டுப் படுத்துக்கறேன் போ."

ஜூலை 5

இந்தத் தோட்டத்தை யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. ஓய்வு பெறுகிறவர் கடைசி ஷிஃப்ட் முடிந்ததும், கழுத்தில் மாலையோடு குழி தோண்டி ஒரு செடியை வைத்துவிட்டு வெளியேறுவார். என்ன செடி என்பது அவர் விருப்பம். அதனால் இங்கே வரிசை கிடையாது, பொருத்தம் கிடையாது. செண்பகத்தின் காலடியில் கற்றாழை. நாகலிங்க மரத்தின் நிழலில் வாடிக்கொண்டே வாழும் ஒரு ரோஜா. வெறும் கறிவேப்பிலையை வைத்துவிட்டுப் போனவரும் உண்டு.

அப்பாவுக்கு ஓய்வு பெறும் நாள் வரவில்லை. அதற்கு முன்பே மில்லைப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய சில நாட்களில் ஒரு மனோரஞ்சிதக் கன்றோடு போய் கேட்டில் நின்றிருக்கிறார். யாரையும் உள்ளே விடக்கூடாது என்று சென்னியப்பண்ணனுக்கு உத்தரவு. கன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, அப்பா கம்பிக்கு வெளியிலிருந்து கை நீட்டிக் காட்டிய இடத்தில் நட்டிருக்கிறார். இன்றும் அது கேட்டின் ஓரத்தில் தனியாக நிற்கிறது.

வளர்ந்த மரங்களை நகர்த்த முடியாது. கிளைகளில் பதியன் போடலாம். பட்டையை வளையமாகச் சீவி, ஈரமான தேங்காய் நார்த்தூளை வைத்து, பாலிதீனால் இறுக்கிக் கட்டினால் கிளையிலேயே வேர் விடும். பிறகு அறுத்து வேறிடத்தில் நடலாம்.

வேறிடம் எது? அதுதான் கேள்வி.

ஜூலை 6

தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளும் மில்லுடையவை. எங்கள் வீடும் போகிறது. மாமா பார்த்துவைத்திருக்கும் வீடு இரண்டாவது மாடியில். பால்கனியில் துணி காயப்போட மட்டும் இடம் இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். ஆக்சிஜன் மெஷினின் இரைச்சலைத் தாண்டி அவருக்குக் கேட்க வேண்டுமென்று சத்தமாகச் சொன்னதால், திட்டுவது போல ஆகிவிட்டது.

"ரெண்டாவது மாடின்னா காத்து நல்லா வருமே" என்றார்.

பஞ்சு உடைக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். இப்போது காற்றைக் குழாய் வழியாக வாங்கிக்கொள்கிறார்.

ஜூலை 9

கூடப் படித்த நிஷாந்தி தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்தாள். ஒரு வெப்சைட் செய்யப்போகிறேன். ஒவ்வொரு செடிக்கும் ஒரு படம், பெயர், வைத்தவர் பெயர், கீழே என் போன் எண். மண் இருக்கிறவர்கள் வந்து பதியன்களை எடுத்துப்போகட்டும்.

வாட்ஸப்பில் போட்டால் போதாதா என்றாள் நிஷாந்தி. அங்கே போட்டால் மறுநாள் காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடும். எனக்கு முகவரி உள்ள இடம் வேண்டும்.

சொன்ன பிறகு யோசித்தேன். முகவரி யாருக்கு வேண்டும், செடிகளுக்கா எனக்கா.

ஜூலை 12

வெப்சைட் செய்ய யூடியூபில் ஒருவர் தமிழில் சொல்லித்தருகிறார். டேக் என்ற ஒரு குறியைத் திறந்தால் அதை மூட வேண்டும். இன்று தலைப்பின் குறியை மூட மறந்தேன். அதன்பின் வந்தவை எல்லாம் தலைப்பாகிவிட்டன. பெரிய, தடித்த எழுத்துகள், பக்கத்தின் அடிவரை. எதையும் தொடங்கவே முடியாத ஒரு பக்கம்.

எங்கள் வீட்டில் ஒழுங்காக வேலை செய்யும் பிளக் ஒன்றுதான். அதில் அப்பாவின் மெஷின் இருக்கிறது. காலையில் அவர் குழாயைக் கழற்றிவிட்டு வாசலில் கொஞ்சம் உட்காருவார். அப்போது லேப்டாப்பைச் சார்ஜ் போடுகிறேன்.

ஜூலை 15

நீண்ட நேரம் கரண்ட் இல்லை. அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். சேமிக்காமல் விட்ட பக்கத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 17

வாசலில் உட்காரும் நேரம் குறைந்திருக்கிறது. லேப்டாப் பாதிதான் ஏறுகிறது.

ஜூலை 21

படங்கள் எடுத்து முடித்தேன். செண்பகப் பூ உயரத்தில் இருக்கிறது. எத்தனை முறை எடுத்தாலும் வானம்தான் வருகிறது.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விளக்கம் எழுத வேண்டுமாம். படம் திறக்காவிட்டால் அதற்குப் பதிலாக அந்தச் சொற்கள் தெரியும். காலியாக விடாதீர்கள் என்று பாடத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். படம் திறந்தால் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. அதனால் எழுத எளிதாக இருந்தது.

செண்பகத்துக்கு: 'பூ தெரியாது. காலையில் அடியில் நின்றால், அடுத்த வீட்டில் யாரோ பலாப்பழம் அறுப்பதுபோல இருக்கும்.'

கறிவேப்பிலைக்கு: 'வைத்தவர் பெயர் யாருக்கும் நினைவில்லை. லைன் வீடுகளின் எல்லாக் குழம்பிலும் அவர் இருக்கிறார்.'

மனோரஞ்சிதத்துக்கு: 'அப்பா கம்பிக்கு வெளியே நின்று வைத்தது. எந்தப் பழத்தை நினைத்து முகர்கிறோமோ அந்த வாசனை வரும் என்பார்கள். அப்பாவுக்கு இப்போது எந்த வாசனையும் தெரிவதில்லை. பூவைக் கொடுத்தால் முகர்ந்துவிட்டு ஒரு பழத்தின் பெயரைச் சொல்கிறார். நானும் நம்புவதுபோல் தலையாட்டுகிறேன்.'

நல்ல புத்தி இருந்தால் 'மஞ்சள் பூ, பச்சை இலை' என்று எழுதியிருப்பேன்.

ஜூலை 24

அப்பாவுக்கு ஒரு பூ பறித்துப்போனேன். நேந்திரம்பழம் என்றார். போன தடவை கொய்யா.

ஜூலை 30

'மில் தோட்டம்' வெளியாகிவிட்டது. இலவசமாக இடம் தரும் ஒரு தளத்தில். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன். ஒரு பச்சை அடையாளம் வந்தது. எதிர்பார்த்ததைவிடச் சிறியது.

ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் வாட்ஸப் குழுவில் அப்பா போனிலிருந்து லிங்க்கை அனுப்பினேன். கும்பிடும் கைகள் வந்துகொண்டே இருந்தன. ஒருவர் ரோஜாப் படம் போட்டார். இன்னொருவர் தவறுதலாக இரங்கல் செய்தி அனுப்பிவிட்டு அழித்தார்.

என் போனில் திறந்து பார்த்தேன். படங்களின் இடத்தில் கட்டங்கள். உடனே மூடிவிட்டேன். இங்கே நெட் அப்படித்தான், வாட்ஸப்பில் வரும் படங்களும் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் ஃபைலைத் திறந்தால் எல்லாப் படங்களும் பளிச்சென்று வருகின்றன. அதையே பலமுறை திறந்து திறந்து மூடினேன்.

ஆகஸ்ட் 2

அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். விரலால் மெல்ல மேலே தள்ளுகிறார், நிறுத்துகிறார், மறுபடி தள்ளுகிறார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"உன்றதுதான். நல்லா எழுதியிருக்கற, கண்ணு."

படங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் எழுத்து என்று என்ன இருக்கிறது? பெயர்களும் போன் எண்ணும்தான். பெருமைக்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5

முதல் அழைப்பு. மரியாதையான குரல். மில் இடம்தானே, சென்ட் என்ன விலை என்றார். செடிகள் என்றேன். செடியெல்லாம் நாங்களே எடுத்துவிடுவோம், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்றார்.

ஆகஸ்ட் 6

இன்னும் இரண்டு பேர். இருவரும் சென்ட் விலை கேட்டார்கள். சென்னியப்பண்ணனிடம் சொன்னேன்.

"பேசாம வித்துப்போடு அம்மிணி. நானும் சாட்சிக் கையெழுத்துப் போடறேன். ரெண்டு பேரும் ஜெயில்ல தோட்டம் போடலாம், அங்க மண்ணு இருக்குதாம்."

ஆகஸ்ட் 9

மனோரஞ்சிதப் பூ ஒன்று பழுத்து மஞ்சளாகியிருந்தது. அப்பா உள்ளங்கையில் வைத்தேன். வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"ஒண்ணும் தெரியலை, கண்ணு. நீ பாத்துச் சொல்லு."

இதுவரை அவர் இப்படிச் சொன்னதே இல்லை. மாம்பழம் என்றேன். அப்படியா என்றார்.

மெஷின் இன்று ரொம்பச் சத்தம் போடுகிறது.

ஆகஸ்ட் 13

ஆஸ்பத்திரி.

ஆகஸ்ட் 20

இன்னும் ஆஸ்பத்திரிதான். வார்டு ஜன்னலில் யாரோ ஒரு தொட்டியில் மணி பிளான்ட் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் விடாதீர்கள், அது பிளாஸ்டிக் என்றார் நர்ஸ். அதற்குள் இரண்டு நாள் விட்டிருந்தேன்.

ஆகஸ்ட் 25

வீட்டுக்கு அழைத்துவந்தோம். அங்கே செய்ய இனி ஒன்றுமில்லை என்றார்கள். அப்பாவுக்குக் கேட்காத இடத்துக்கு என்னைக் கூட்டிப்போய்ச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

தோட்டத்துக்கு ஓடினேன். ஜூலையில் போட்ட பதியன்கள் எல்லாம் போய்விட்டன. அணில் பாலிதீனைக் கிழித்துவிட்டது. நார்த்தூள் உதிர்ந்து, சீவிய வளையம் எலும்புபோல் வெளுத்துக் கிடக்கிறது. சென்னியப்பண்ணன் குழாய்த் தண்ணீரை வேருக்கு விட்டிருக்கிறார். கிளையில் கட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27

எல்லாவற்றையும் மறுபடி கட்டினேன். இரட்டைப் பாலிதீன், மேலே சாக்குத் துணி. தீபாவளி வரை நாள் இருக்கிறது. வேர் விட்டுவிடும்.

வெப்சைட்டிலிருந்து செடி கேட்டு ஒருவர்கூட அழைக்கவில்லை. படங்கள் சரியில்லையோ. இருட்டாக இருக்கின்றனவோ. லேப்டாப்பில் திறந்து ஒவ்வொன்றையும் கொஞ்சம் வெளிச்சமாக்கினேன்.

செப்டம்பர் 4

அப்பா மெஷினைக் கழற்றுவதே இல்லை. லேப்டாப்பை வாட்ச்மேன் அறையில் சார்ஜ் போடுகிறேன்.

செப்டம்பர் 8

செண்பகப் படத்தை நீக்கிவிட்டு வேறு படம் போட்டேன். பிறகு பழையதையே போட்டேன்.

அப்பா இன்று ஒரே ஒரு வாக்கியம் பேசினார். பதியன் புடிச்சுதா என்றார். பிடித்துவிட்டது என்றேன். இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 11

பிளக் காலியாக இருக்கிறது. லேப்டாப் முழுதாக ஏறிவிட்டது.

செப்டம்பர் 14

வாசல் பந்தலைப் பிரித்தார்கள். வாடகை நாற்காலிகளைச் சென்னியப்பண்ணன் அடுக்கினார். குழுவிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். போனில் அனுப்பிய அதே கைகள், இப்போது உண்மையாகக் கூப்பியிருந்தன. இரங்கல் செய்தியை அழித்தவர் என் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

மெஷினைத் திருப்பி எடுத்துப்போனார்கள். இத்தனை நிசப்தமான வீடு என்று தெரியாது.

செப்டம்பர் 23

தண்ணீர் விட்டேன்.

செப்டம்பர் 28

களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. சென்ட் விலை என்று நினைத்து எடுத்ததும், நிலத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றேன்.

அழைத்தவர் சிரித்தார். பெயர் அமிர்தவேணி. தாராபுரம் பக்கம், ஏதோ அரசு அலுவலகத்தின் தொலைபேசிப் பிரிவில் வேலை. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் இருக்கிறது, கிணறும் இருக்கிறது, மனோரஞ்சிதம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். கையிலிருந்த களையைக் கீழே போட்டேன்.

"அதுக்கு முன்னால ஒரு பஞ்சாயத்துங்க. நீங்கதான் தீர்த்து வெக்கோணும். அதுல படம் இருக்குதுங்களா இல்லீங்களா?"

இருக்கிறது என்றேன்.

"பாத்தீங்களா, நான் சொன்னனல்ல" என்று அவர் பக்கத்தில் யாரிடமோ சொன்னார். பிறகு என்னிடம்: "எங்க ஊட்டுக்காரர் படமே இல்லேங்கறாரு. நான் இருக்குதுங்கறேன். காலையில இருந்து இதே சண்டை. எனக்குக் கண்ணு தெரியாதுங்க. போன் படிச்சுக் காட்டும், கேட்டுக்குவேன். மத்தவங்களுதுல படம்னு மட்டும் சொல்லும், அப்புறம் சும்மா இருக்கும். உங்களுதுல படம்னு சொல்லிட்டு, பலாப்பழம் அறுக்கறது வரைக்கும் சொல்லுது. அப்ப படம் இருக்கோணுமல்லங்க?"

அவருடைய கணவர் போனை வாங்கினார். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. கட்டம் கட்டமாத்தான் இருக்குது. உள்ள எழுத்துத்தான் வருது. டவுனுக்குப் போயும் பாத்தேன். என்ற கண்ணுதான் போச்சோன்னு இருந்தேன்."

செப்டம்பர் 28, மாலை

மெயின் ரோட்டு ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் முகவரியை அடித்துப் பார்த்தேன்.

அவருடைய கணவர் சொன்னது சரி. ஒரு படம்கூட இல்லை.

நான் மேலே ஏற்றியது பக்கத்தை மட்டும். படங்கள் இருந்த ஃபோல்டரை ஏற்றவே இல்லை. ஒவ்வொரு படத்தின் முகவரியும் என் லேப்டாப்பின் உள்ளே இருக்கும் ஓர் இடத்தைக் காட்டுகிறது. இவ்வளவு நாளும் நான் லேப்டாப்பில் திறந்து பார்த்தது வெப்சைட் இல்லை. என் மேசைமேல் இருக்கும் ஃபைல். எனக்கு மட்டும் பூத்த தோட்டம்.

கும்பிட்ட கைகள் எல்லாம் வெறும் கட்டங்களைப் பார்த்துக் கும்பிட்டிருக்கின்றன. ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால், நம் போன்தான் பழசு என்று நினைத்தோம் என்பார்கள். நானும் நெட்டைத்தான் குறை சொன்னேன்.

கட்டங்களுக்குள் சின்ன எழுத்தில் நான் எழுதியவை. செண்பகம். கறிவேப்பிலை. மனோரஞ்சிதம்.

ஆகஸ்ட் 2 அன்று அப்பா பார்த்ததும் இந்தப் பக்கத்தைத்தான்.

விரலால் மெல்ல மேலே தள்ளினார். நிறுத்தினார்.

கடைக்காரர் பிரிண்ட் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 30

எழுத முடியவில்லை. நாகலிங்கத்தின் கீழ் விழுந்து கிடந்த பூக்களைக் கூட்டினேன்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி நான் பூவைக் கொடுத்தபோது அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே என் பக்கம் நீட்டினார். அதை அன்று எழுதவில்லை.

அக்டோபர் 2

ஃபோல்டரை ஏற்றினேன். முகவரிகளைத் திருத்தினேன். ஜெராக்ஸ் கடையில் படங்கள் வந்தன.

குழுவில் மறுபடி லிங்க்கைப் போட்டேன். இந்த முறை கைகள் வரவில்லை, குரல்கள் வந்தன. தான் வைத்த செடியைப் பார்த்து ஒருவர் அழுவது முழுதாகப் பதிவாகியிருந்தது. செண்பகம் வைத்த மாரப்பய்யன் கிளையைப் பார்த்துவிட்டு, நல்லா ஆளாகிருச்சு என்றார். பதியன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அதற்கும் குரல்தான் வந்தது.

"பையன் ஃபிளாட்டுல இருக்கறேன் சாமி. எடுத்துட்டுப் போயி எங்க வெக்கறது, பாத்ரூம்லயா?"

எல்லோரிடமும் கிட்டத்தட்ட இதே பதில்தான். இது படங்களால் தீரும் பிரச்சினை இல்லை. முதல் நாளே படங்கள் வந்திருந்தாலும் இவர்களிடம் மண் இருந்திருக்காது. இந்த எண்ணம் ஆறுதலாக இருக்க வேண்டும்.

அக்டோபர் 8

அமிர்தவேணி அடிக்கடி அழைக்கிறார். வேர் வந்ததா என்று ஒருமுறை கேட்பார், மற்ற நேரம் பொதுவாகப் பேசுவார். பஞ்சாயத்தில் தோற்றதற்காக ஒரு வாரம் கணவருக்கு அவர்தான் காபி போட வேண்டுமாம். இன்று, அப்பா எப்படி இருக்கிறார் என்றார். பக்கத்தில் எழுதியிருந்ததை வைத்துக் கேட்கிறார். அங்கே அப்பா இன்னும் பூவை வாங்கி முகர்ந்துகொண்டிருக்கிறார்.

சொன்னேன்.

அந்த வரியை மாற்ற வேண்டாம் என்றார்.

அக்டோபர் 13

மேனேஜர் போன் செய்தார். தீபாவளிக்குப் பிறகு இல்லை, இந்த வியாழனே இயந்திரம் வருகிறது. வாங்கியவர்கள் நல்ல நாள் பார்த்துவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் தரக்கூடாதா, பதியன் போட்டிருக்கிறேன் என்றேன். என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். புதன் மாலைக்குள் சாவியைக் கொடுத்துவிடு என்றார்.

பாலிதீன்களைப் பிரித்தேன். செண்பகம் அழுகிவிட்டது. மகிழம் அப்படியே இருக்கிறது, வேரும் இல்லை அழுகலும் இல்லை. மனோரஞ்சிதத்தில் மட்டும் சீவிய விளிம்பில் அரிசிமுனை போல வெள்ளையாக ஏதோ எட்டிப்பார்க்கிறது. இப்போது அறுத்தால் தண்ணீரை உறிஞ்ச இது போதாது. இன்னும் ஒரு மாதம் கிளையில் இருக்க வேண்டும்.

மூடிக் கட்டிவிட்டேன். மூடிக் கட்டி என்ன செய்வது என்று தெரியவில்லை.

அக்டோபர் 14

அமிர்தவேணியிடம் உண்மையைச் சொன்னேன். இது பிழைக்காது, பஸ்ஸில் இவ்வளவு தூரம் வந்து ஒரு குச்சியைக் கொண்டுபோக வேண்டாம் என்றேன்.

"நீங்க அறுக்காம விட்டா பிழைச்சுக்குமுங்களா?"

நாளை மறுநாள் இயந்திரம் வருகிறது என்றேன்.

"அப்ப நாளைக்கு வர்றோமுங்க."

அக்டோபர் 15

வந்தார்கள். அமிர்தவேணிக்கு ஐம்பதை ஒட்டிய வயது, பச்சைச் சேலை. கணவர் ஒல்லியாக, கையில் ஈரச் சாக்கோடு. வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்று மேனேஜர் காலையில்தான் சொல்லிப்போயிருந்தார். சென்னியப்பண்ணன் கேட்டை முழுதாகத் திறந்தார், லாரிக்குத் திறப்பதுபோல.

"இந்தக் கேட்டு இன்னைக்குப் பொழுது சாயற வரைக்கும் என்ற கையிலதான். அன்னைக்கு உங்கொப்பனை விட்டிருக்கோணும்" என்றார்.

அமிர்தவேணியை எல்லாச் செடிகளிடமும் அழைத்துப்போனேன். அவருக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செண்பகத்தின் அடியில் நின்று, இப்போது பலாப்பழம் இல்லையே என்றார். காலையில்தான் என்றேன். கறிவேப்பிலையில் ஒரு கொத்து உருவி மடியில் வைத்துக்கொண்டார். யார் வைத்தது என்று தெரியாதவருக்கு என் குழம்பிலும் இடம் இருக்கட்டும் என்றார்.

மனோரஞ்சிதத்தில் பூ இருந்தது. முகர்ந்தார். என்ன பழம் நினைத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் நெனைக்கலைங்க. அதும்போக்குல என்ன வருதுன்னு பாத்தேன்."

அறுத்தேன். கத்தி புதிது, ஒரே இழுப்பில் வந்துவிட்டது. பாதி இலைகளைக் கிள்ளி எறிந்தேன். ஈரச் சாக்கில் சுற்றினோம். வேர்ப் பக்கத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். விரலைப் பிடித்து அந்த வெள்ளை முனைமேல் வைத்தேன். உடனே எடுத்துக்கொண்டார், தூங்கும் குழந்தையைத் தொட்டுவிட்டதுபோல.

அவர்கள் போன பிறகு செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். எல்லாச் செடிக்கும். சென்னியப்பண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவியைக் கொடுத்தேன்.

அக்டோபர் 16

லைன் வீட்டுக்குள் இருந்தாலும் சத்தம் கேட்கும். பாத்திரங்களைக் கட்டினேன்.

அக்டோபர் 24

புது வீடு. எல்லாச் சுவரிலும் பிளக் இருக்கிறது. அப்பா சொன்னது சரி, காற்று நன்றாக வருகிறது.

வெப்சைட் அப்படியே இருக்கிறது. நாகலிங்கம் பூத்திருக்கிறது. ரோஜா வாடிக்கொண்டே வாழ்கிறது. அதை எடுத்துவிட வேண்டும். எப்படி எடுப்பது என்று பாடத்தில் இருக்கிறது. அந்தப் பாடத்தை இன்னும் பார்க்கவில்லை.

அக்டோபர் 29

திருப்பூரிலிருந்து ஒருவர். படங்களைப் பார்த்தாராம், அருமை என்றார். ஊருக்கு வெளியே அவருக்குத் தோட்டம் இருக்கிறது, தண்ணீர் வசதி இருக்கிறது, எத்தனை பதியன் இருந்தாலும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வண்டியும் அவரே கொண்டுவருவாராம்.

இல்லை என்றேன். ஒன்றுமில்லையா என்றார். ஒன்றுமில்லை.

அப்புறம் ஏனம்மா இன்னும் போட்டுவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கோபமாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார்.

நவம்பர் 3

வேலை தேடி இரண்டு இடங்கள். ஒன்று பள்ளி, ஒன்று செடிகளே இல்லாத ஓர் அலுவலகம்.

நவம்பர் 10

அமிர்தவேணி அழைத்தார். குரலிலேயே தெரிந்துவிட்டது. இலை எல்லாம் உதிர்ந்துவிட்டதாம், கடைசி இலையும் நேற்று. குச்சியாகத்தான் நிற்கிறது, பிடுங்கிப் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். நானும் மனதுக்குள் அதையேதான் சொன்னேன்.

நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. மன்னியுங்கள், அவரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன்.

"அவர் வேலைக்குப் போயிட்டாருங்க. இருங்க."

போனைக் கீழே வைக்கும் சத்தம். கிணற்று உருளை. தூரத்தில் ஒரு பஸ். நான் பால்கனியில் துணிகளுக்கு நடுவே நின்றேன்.

திரும்பி வந்தார்.

"பச்சையான்னு எனக்குத் தெரியலைங்க. ஆனா சுரண்டின எடம் ஈரமா இருக்குது. வெரல்ல ஒட்டுது."

வேறெதுவும் சொல்லத் தெரியாமல், தண்ணீர் அதிகம் விடாதீர்கள் என்றேன்.

லேப்டாப்பைத் திறந்தேன். மனோரஞ்சிதத்துக்குக் கீழே புதிதாக ஒரு படத்தின் குறியைச் சேர்த்தேன். படம் எதுவும் வைக்கவில்லை. விளக்கம் மட்டும்: 'தாராபுரம். குச்சி. இலை இல்லை. தொட்டால் ஈரம்.'

அனுப்பினேன். பார்க்கிறவர்களுக்குக் கட்டம்தான் தெரியும்.